மஞ்சள் கோடு தொட்ட நேரம்

அந்த நாற்காலி வேண்டாம், பின்னங்கால் ஆடும். பார்க்கத் திடமாகத்தான் இருக்கும். ஆனால் தண்ணீரில் ஊறிய மரம். எத்தனை முறை ஒட்டினாலும் ஒரு மழைக்காலம்தான் தாங்குகிறது. தூக்கிப்போட மனமில்லாமல் வைத்திருக்கிறேன். கீழ் வீட்டு மதுவந்தியுடையது. நீங்கள் இந்த மோடாவில் உட்காருங்கள், காற்று இங்கேதான் வரும்.

உங்கள் தாளை முழுவதும் படித்துவிட்டேன். முப்பத்தோரு வருடம் பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்த்தவள் நான். எந்தப் படிவத்திலும் கடைசி வரி வரை படிக்காமல் கையெழுத்துப் போட்டதில்லை. நீரஜா என்ற என் பெயர் வெளியே வராது, நான் சொல்வது உங்கள் ஆராய்ச்சிக்கு மட்டும் பயன்படும், வேறு எவருக்கும் தெரிவிக்கப்படாது என்று இரண்டாவது பக்கத்தில் தடித்த எழுத்தில் இருக்கிறது. எவருக்கும் என்றால் இந்த வீட்டில் இருப்பவர்களும் சேர்த்திதானே? நல்லது. கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஒரு நகல் மட்டும் கொடுத்துவிட்டுப் போங்கள்.

ஹம்சினியிடமும் பேச வேண்டும் என்றீர்கள். பதினைந்து வயதுக் குழந்தை. நாலரை மணிக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து வருவாள். அவளிடம் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். அதற்காகத்தான் நான் முதலில் பேசுகிறேன். அவள் அம்மா மதுவந்தி இரண்டு வருடத்துக்கு முன் வெள்ளத்தில் இறந்தாள். சான்றிதழில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. எழுதியதில் தப்பில்லை. கொஞ்சம் விட்டுப்போயிருக்கிறது.

உங்கள் நாலாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். வெள்ளத்துக்குப் பிறகு அண்டை வீட்டாருடன் உறவு எப்படி மாறியது என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு நாலு கட்டம் போதாது.

இந்தக் கட்டடத்தில் பன்னிரண்டு வீடுகள். 2015 வரைக்கும் ஒருவர் பெயர் ஒருவருக்குச் சரியாகத் தெரியாது. இரண்டாம் மாடிச் சந்திரமௌலி பொதுப்பணித் துறையில் இன்ஜினீயராக இருந்து ஓய்வு பெற்றவர். படியில் எதிரே வந்தால் சுவரோரம் ஒதுங்கி வழிவிடுவார், அவ்வளவுதான் பழக்கம். மூன்றாம் மாடி அமீனா பீக்கு எனக்கு எதைக் கொடுப்பது என்று தயக்கம். எனக்கு எதைக் கேட்பது என்று தயக்கம். என் கணவர் ராமானுஜம் போய் மூன்று வருடம் ஆகியிருந்தது. எங்களுக்குக் குழந்தை இல்லை. சில சாயங்காலம் அன்றைக்கு நான் வாய்விட்டுப் பேசிய வார்த்தைகளை எண்ணிப் பார்ப்பேன். பால்காரரிடம் இரண்டு. காய்கறிக் கடையில் ஐந்து.

டிசம்பர் இரண்டாம் தேதி விடிந்தபோது தெருவில் ஐந்தடித் தண்ணீர். கீழ்த்தளத்தில் இருந்தவர்கள் எல்லாரும் மேலே வந்துவிட்டார்கள். ஒன்பது நாள் மின்சாரம் இல்லை, போன் இல்லை. இருந்த காஸ் சிலிண்டர்களை மொட்டை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போய் ஒரே அடுப்பாக வைத்தோம். அவரவர் வீட்டு அரிசி ஒரே டிரம்மில் போயிற்று. அமீனா பீ தாளிப்பார், நான் கிளறுவேன். சந்திரமௌலி தக்காளி நறுக்குவார், எல்லாத் துண்டும் ஒரே அளவில்.

வாட்ச்மேன் லாரன்ஸ் அதைப் பார்த்துவிட்டு, "இன்னா சார், தக்காளிக்கு ஸ்கேல் வச்சு கோடு போட்டுக்கினு கீறீங்க? உள்ள போனா அல்லாம் ஒண்ணுதான் சார்," என்றார்.

சந்திரமௌலி சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். அவருக்கு மேல்பல் ஒன்று இல்லை என்பதே அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

ஹம்சினிக்கு அப்போது ஐந்து வயது. ஈரத்தில் நின்று ஜுரம் வந்துவிட்டது. மதுவந்தி கீழே சேற்றை வாரிக்கொண்டிருப்பாள், அவள் புருஷன் ராகவேந்திரன் குடிதண்ணீருக்கு அலைவார், குழந்தை என் மடியில் கிடப்பாள். ஒன்பது நாளும் என் மடிதான். நீஜாம்மா என்று கூப்பிட்டாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, தானாகவே வந்தது. எனக்கு அப்போது ஐம்பத்தைந்து வயது. அதுவரை யாரும் என்னை அம்மா என்று முடிகிற பெயரால் கூப்பிட்டதில்லை.

சுற்றிலும் எத்தனையோ பேர் எல்லாவற்றையும் இழந்து நின்றபோது நான் சந்தோஷமாக இருந்தேன். இதை எந்தக் கட்டத்தில் குறிப்பீர்கள் என்று தெரியவில்லை.

தண்ணீர் வடிந்த பிறகு சந்திரமௌலி ஒரு ஏற்பாடு செய்தார். தெருக்கோடியில் கால்வாய் ஓடுகிறதல்லவா, அதன் சிறுபாலத்துச் சுவரில் மூன்று பட்டை வர்ணம் அடித்தார். கீழே வெள்ளை, நடுவில் மஞ்சள், மேலே சிவப்பு. தண்ணீர் வெள்ளையைத் தொட்டால் ஒரே ஒரு மணி, எல்லாரும் ஜாக்கிரதையாக இருக்க. மஞ்சளைத் தொட்டால் நிறுத்தாமல் மணி, உடனே வெளியேற. மஞ்சளுக்கும் தெருவுக்கும் இடையே இரண்டரை மணி நேரம் கிடைக்கும் என்று கணக்குப் போட்டிருந்தார். கீழ் வீட்டுச் சாமானை மேலே ஏற்றலாம், காரைக் கோடம்பாக்கம் மேம்பாலத்தில் கொண்டுபோய் விடலாம், சொந்தக்காரர் வீட்டுக்குக் கிளம்பலாம்.

அந்தச் சுவர் தெரிவது என் பால்கனியிலிருந்து மட்டும்தான். மற்ற வீடுகளுக்கு வேப்பமரம் மறைக்கும். அதனால் பார்க்கிற வேலை எனக்கு வந்தது. மணியும் நானே கொண்டுவந்தேன். எங்கள் பள்ளிக்கூடத்தில் மணியாகத் தொங்கிய தண்டவாளத் துண்டு. பழைய கட்டடத்தை இடித்தபோது கேட்டு வாங்கிவந்து இந்த மாடிப்படித் திருப்பத்தில் கட்டினேன். போன் செத்துப்போனாலும் தண்டவாளம் சாகாது என்பார் லாரன்ஸ்.

ஊரே மழையில் பயந்தது. எதிர்க் கட்டடத்தில் ஒருவர் மழைக்காலம் முழுவதும் செருப்புக் காலோடுதான் தூங்குவார். எல்லாரும் காலையில் எழுந்ததும் செம்பரம்பாக்கம் ஏரி எத்தனை அடி என்று பார்ப்பார்கள், பிறகுதான் பல் தேய்ப்பார்கள். எங்கள் கட்டடத்தில் மட்டும் அந்தப் பயம் இல்லை. "நீரஜா மாமி பாத்துண்டிருக்கா" என்று சொல்லிவிட்டுத் தூங்குவார்கள். எட்டு வருடம் அப்படித் தூங்கினார்கள். நான் ஒரு தடவையும் தவறியதில்லை. ஏழு முறை வெள்ளை தொட்டது, ஏழு முறையும் அடித்தேன்.

ஒவ்வொரு டிசம்பர் இரண்டாம் தேதியும் மொட்டை மாடியில் கூடி அதே தக்காளி சாதம் செய்து சாப்பிடுவோம். மாடி நாள் என்று அதற்குப் பெயர். முதல் வருடம் பன்னிரண்டு வீடும் வந்தது. அப்புறம் அமீனா பீயை அவர் மகன் மண்ணடிக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். கீழ்த்தளத்தில் இரண்டு வீடு பூட்டிக்கொண்டது. புதிதாக வந்தவர்களுக்குத் தக்காளி சாதம் என்றால் தக்காளி சாதம்தான்.

ஒரு தடவை லாரன்ஸிடம் கேட்டேன். ஆற்றோரத்தில் இருந்த அவர் குடும்பத்தைப் பெரும்பாக்கத்தில் அடுக்குமாடி கொடுத்து மாற்றியிருந்தார்கள். அவர் மட்டும் வேலைக்காக இங்கே பின்பக்க அறையில் இருந்தார். அங்கே எப்படி இருக்கிறது என்றேன்.

"எட்டாவது மாடி மேடம். தண்ணி வராது," என்றார். கொஞ்சம் பொறுத்து, "பக்கத்து வூட்டுக்காரனும் வரமாட்டான்," என்றார்.

உங்கள் புத்தகத்தில் ஒரு வரிதான் எழுத முடியும் என்றால் அதை எழுதுங்கள்.

ஹம்சினி வளர்ந்தாள். ஏழு வயதில் நீஜாம்மா போய் நீரஜா மாமி ஆயிற்று. பதிமூன்றாவது வயதில் வெறும் மாமி. கணக்குப் பாடம் கேட்க மட்டும் மேலே வருவாள். அது இயல்புதான், எனக்கு வருத்தமில்லை. 2023 நவம்பரில் ராகவேந்திரனுக்குப் பெங்களூரில் வேலை கிடைத்தது. அவர் முதலில் போய்ச் சேர்ந்துவிட்டார். டிசம்பர் பத்தாம் தேதி லாரி வரும், மதுவந்தியும் குழந்தையும் அன்றே கிளம்புவார்கள் என்று முடிவாயிற்று.

"அங்கே எங்காத்து மாடியிலேர்ந்து பாத்தா மலை தெரியுமாம் மாமி. வெள்ளமே வராது," என்றாள் மதுவந்தி. நல்ல பெண். எனக்காகவும் சேர்த்து சந்தோஷப்படுகிறவள் போலச் சொன்னாள்.

அந்த வருடம் மாடி நாள் சனிக்கிழமை. காலையிலிருந்து ஒன்றரைப் படி அரிசிக்குத் தக்காளி சாதம் கிளறி மேலே கொண்டுபோய் வைத்தேன். சந்திரமௌலிக்கு முழங்கால் வலி. மதுவந்தி பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். ஹம்சினி சிநேகிதியின் பிறந்தநாளுக்கு தி.நகர் போயிருந்தாள். லாரன்ஸ் மட்டும் வந்து இரண்டு தட்டுச் சாப்பிட்டுவிட்டு, "செம டேஸ்ட் மேடம்," என்று சொல்லி ஏப்பம் விட்டார். மீதியைப் பாத்திரத்தோடு கீழே இறக்கினேன். புயல் வருகிறது என்று அன்று சாயங்காலம் செய்தியில் சொன்னார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மழை வலுப்பதற்குள் கடைக்குப் போய்விட்டு வந்தேன். பையை வாங்கிக்கொண்ட லாரன்ஸ் எட்டிப் பார்த்தார்.

"இன்னா மேடம், மழைல கல்யாணமா? நாலு கிலோ தக்காளி எதுக்கு?"

"மழைன்னா விலை ஏறிடும் லாரன்ஸ்," என்றேன். அதுவும் உண்மைதான்.

அன்றைக்கே மதுவந்தி வீட்டுப் பீரோவைக் காலிசெய்து, லாரிக்காரர்கள் எடுக்கச் சௌகரியமாக இருக்கட்டும் என்று படுக்கையறைக்குள் கதவோரம் நகர்த்தி வைத்தோம். லாரன்ஸும் மதுவந்தியும் ஒரு பக்கம் பிடித்தார்கள், நான் மறுபக்கம் பிடித்தேன். அட்டைப்பெட்டிகளின் மேல் ஏற்றி நிறுத்தினோம். இதை ஏன் சொல்கிறேன் என்றால், பிறகு வரும்.

திங்கட்கிழமை விடியும் முன்பே மின்சாரம் போயிற்று. போனில் சிக்னல் இல்லை. ஏழு மணிக்குத் தண்ணீர் வெள்ளையைத் தொட்டது. ஒரு மணி அடித்தேன். எல்லார் வீட்டிலும் ஜன்னல் திறந்து மூடும் சத்தம் கேட்டது.

ஒன்பது மணிக்கு மதுவந்தி ஹம்சினியைக் கூட்டிக்கொண்டு மேலே வந்தாள். கண் சிவந்திருந்தது. அவளுக்கு ஒற்றைத் தலைவலி உண்டு.

"மாமி, இவ உங்காத்துல இருக்கட்டும். எனக்குத் தலை வெடிக்கறது. மாத்திரையைப் போட்டுண்டு செத்த படுத்துக்கறேன். மஞ்சள் தொட்டா அடிச்சுடுங்கோ, ஆட்டோ கிடைக்கறப்பவே மயிலாப்பூர் அக்காவாத்துக்குக் கிளம்பிடறோம்."

"நான் பாத்துக்கறேன். நீ நிம்மதியாத் தூங்கு."

"நீங்க இருக்கேள், எனக்கென்ன கவலை," என்றாள். அந்த மாத்திரை போட்டால் கதவைத் தட்டினாலும் அவள் எழுந்திருக்கமாட்டாள். தண்டவாளச் சத்தத்துக்கு எழுந்திருப்பாள் என்று நாங்கள் எல்லாரும் நம்பினோம்.

நான் நினைத்ததைச் சொல்லிவிடுகிறேன். மஞ்சளைத் தொட்டதும் அடித்தால் இரண்டரை மணி நேரம் இருக்கும். சந்திரமௌலியின் மகன் கிண்டியிலிருந்து காரில் வந்து அவரை அழைத்துப்போவான். மதுவந்தி மயிலாப்பூர் போவாள். மழை விட்டதும் பெங்களூர் லாரி வரும். தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நின்ற பிறகு அடித்தால் யாரும் எங்கேயும் போக முடியாது. எல்லாரும் மேலே வருவார்கள். நாலு நாளோ ஐந்து நாளோ. யாருக்கும் ஒன்றும் ஆகாது. கீழ் வீட்டில் கொஞ்சம் சாமான் நனையும், அதுவும் பெட்டியில் கட்டியாகிவிட்டது. எனக்கு வேண்டியது முழங்கால் அளவுதான். அதற்கு மேல் நான் ஆசைப்படவில்லை.

இரண்டு படி அரிசியைக் களைந்து ஊறவைத்தேன். ஹம்சினியைப் பால்கனிக் கதவருகே நாற்காலி போட்டு உட்காரவைத்து, கோட்டைப் பார்த்துச் சொல்லச் சொன்னேன். அவளுக்குப் பெருமை. இத்தனை வருடத்தில் அந்த வேலையை நான் யாருக்கும் கொடுத்ததில்லை.

பத்து மணிக்கு, "மாமி, மஞ்சள் தொட்டுடுத்து," என்றாள்.

போய்ப் பார்த்தேன். தொட்டிருந்தது.

"இல்லடா கண்ணா, அது நுரை. குப்பை ஒதுங்கி அப்படித் தெரியறது. இன்னும் ரெண்டு சாண் இருக்கு," என்றேன்.

அவள் உற்றுப் பார்த்துவிட்டு, "ஆமா மாமி," என்றாள்.

பதினொரு மணிக்கு மறுபடி கூப்பிட்டாள். மஞ்சள் பாதி முழுகிவிட்டது என்றாள். நான் அவள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைத்துப் போட்டுவிட்டேன்.

"கண்ணாடி பூரா ஈரம். இப்போ பாரு. எனக்கு முழு மஞ்சளும் தெரியறதே. சும்மாச் சும்மா பயந்துண்டே இருக்காதே. நான் மணியடிச்சா அம்மா தலைவலியோட எழுந்துப்பா, பாவம். நன்னாத் தெரிஞ்சாத்தான் சொல்லணும், என்ன?"

தலையாட்டினாள். முகம் சுண்டிவிட்டது. ஒரு முறுக்கு எடுத்துக் கொடுத்தேன்.

பன்னிரண்டு மணிக்கு அவள் ஒன்றும் சொல்லவில்லை. நான் சமையலறையிலிருந்து பார்த்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள், போட்டுக்கொண்டாள், மறுபடி கழற்றித் துடைத்தாள். மஞ்சள் பட்டை அப்போது தண்ணீருக்குள் போய்விட்டிருந்தது. இரண்டு முறை தப்பாகச் சொன்னவள் மூன்றாம் முறை சொல்லக் கூசினாள்.

பன்னிரண்டரைக்குப் பின்பக்கத்துக் காலி மனையின் மதில் சரிந்தது. அதை யாரும் எதிர்பார்த்திருக்க முடியாது, சந்திரமௌலி உட்பட. மதிலுக்குப் பின்னால் அவ்வளவு தண்ணீர் தேங்கியிருந்ததும் யாருக்கும் தெரியாது. லாரி ஜல்லி கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம். அது முழங்கால் அளவில் நிற்கவில்லை.

ஹம்சினி அம்மா என்று கத்திக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். படியில் இறங்கியிருந்தால் அடித்துக்கொண்டு போயிருக்கும். பிடித்துக்கொண்டேன். திமிறினாள். இரண்டு கையாலும் இறுக்கிக் கட்டிக்கொண்டேன். எட்டு வருடத்துக்குப் பிறகு அவள் அப்படி என் மார்பில் சாய்ந்திருந்தாள். எவ்வளவு நேரம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மணி அடிக்க ஒரு கையாவது வேண்டும். என் இரண்டு கையும் அவளைச் சுற்றி இருந்தன.

பிறகு அடித்தேன். வலது தோள் வீங்கும்வரை அடித்தேன் என்பதை இந்தக் கட்டடத்தில் எல்லாரும் உங்களிடம் சொல்வார்கள்.

லாரன்ஸ் இடுப்பளவு தண்ணீரில் போய் வாசல் கதவை உடைத்தார். படுக்கையறைக் கதவு நகரவில்லை. காலிப் பீரோ நீரில் எழும்பி, உள்பக்கமாகக் கதவின் மேல் சாய்ந்திருந்தது. ஜன்னலில் கம்பி. தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்தது. சந்திரமௌலி முழங்கால் வலியை மறந்து மாடியிலிருந்து ரம்பம் எடுத்துக்கொண்டு வந்தார். இரண்டு கம்பி அறுத்தார்கள். மூன்றாவது கம்பி அறுக்கும்போது உள்ளேயிருந்து சத்தம் வருவது நின்றுவிட்டது.

தண்ணீர் வேண்டுமா? பரவாயில்லை, குடித்துவிட்டு எழுதுங்கள்.

அன்று சாயங்காலம் எல்லாரும் மொட்டை மாடிப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தோம். எல்லாரும் இருந்தார்கள். புதிதாக வந்தவர்கள்கூட. யாரோ என் வீட்டிலிருந்து அரிசியையும் தக்காளியையும் எடுத்துவந்து சமைத்தார்கள். சந்திரமௌலி யாரையும் பார்க்காமல், "மஞ்சள் தொட்டதை யாருமே பாக்கலையா?" என்று கேட்டார்.

ஹம்சினி என் மடியில் தலைவைத்துக் கிடந்தாள்.

"குழந்தையைத்தான் உக்கார வச்சிருந்தேன்," என்றேன். "அவளை யாரும் ஒண்ணும் கேக்கப்படாது. அவ குழந்தை."

நான் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அவள் உடம்பு என் மடியில் விறைத்துப்போனது எனக்குத் தெரிந்தது. யாரும் அவளை ஒன்றும் கேட்கவில்லை. இன்றுவரை கேட்டதில்லை. அவ்வளவு நல்ல மனிதர்கள்.

நாலைந்து நாள் கழித்து அவளே என் காதருகே வந்து சொன்னாள். "மாமி, பன்னெண்டு மணிக்கு நிஜமாவே தொட்டுடுத்து. நான் பாத்தேன். சொல்லலை."

"யார்கிட்டயும் சொல்லாதே கண்ணா. நமக்குள்ளயே இருக்கட்டும்," என்றேன். தலையைத் தடவிக்கொடுத்தேன். அவள் வெகுநேரம் அழுதாள். அழுது முடித்து, நீஜாம்மா என்று கூப்பிட்டாள்.

ராகவேந்திரன் வந்து காரியங்களை முடித்தார். குழந்தையைப் பெங்களூருக்குக் கூப்பிட்டார். வரமாட்டேன் என்றாள். இந்தக் கட்டடத்தை விட்டு வரமாட்டேன், யார் கோட்டைப் பார்ப்பார்கள் என்று கேட்டாள். மனநல டாக்டர் ஒருவரிடம் காட்டினோம். வற்புறுத்த வேண்டாம், பழகிய இடத்திலேயே கொஞ்ச காலம் இருக்கட்டும் என்றார். அன்றிலிருந்து என்னோடுதான் இருக்கிறாள். மாதம் ஒரு தடவை ராகவேந்திரன் வருகிறார். போகும்போது என் காலில் விழுகிறார். "நீங்க இல்லேன்னா இவ எனக்கு இல்லை மாமி," என்கிறார். எழுந்திருங்கோ என்பேன்.

கண் டாக்டரிடமும் கூட்டிக்கொண்டு போனேன். பவர் மாறவேயில்லை, கண்ணாடி சரியாகத்தான் இருக்கிறது என்றார். இருந்தாலும் புது ஃபிரேம் வாங்கிக்கொடுத்தேன். அவளுக்கு அது ஒரு ஆறுதல்.

லாரன்ஸ் வேலையை விட்டுப் பெரும்பாக்கத்துக்கே போய்விட்டார். கிளம்பும்போது ஏதோ கேட்க வந்தவர் மாதிரி நின்றார்.

"அந்த நாலு கிலோ தக்காளி," என்று ஆரம்பித்தார். பிறகு, "இல்ல மேடம், வர்றேன்," என்று பையை எடுத்துக்கொண்டார்.

இப்போது உங்கள் நாலாவது கேள்விக்குப் பதில் சொல்ல முடியும். 'மேம்பட்டது' என்ற கட்டத்தில் குறித்திருக்கிறேன், பாருங்கள். மாடி நாளுக்கு இப்போது எல்லா வீட்டிலிருந்தும் வருகிறார்கள். மதுவந்தியின் படத்துக்குப் பூ வைத்துவிட்டுச் சாப்பிடுகிறோம். அமீனா பீகூட மண்ணடியிலிருந்து ஆட்டோ பிடித்து வருகிறார். ஹம்சினிக்கு எல்லாரும் ஊட்டிவிடுகிறார்கள்.

உங்கள் முகத்தைப் பார்த்தால் என்ன கேட்க நினைக்கிறீர்கள் என்று புரிகிறது. போலீஸுக்குப் போகலாம்தான். போனால் அவள் யாரிடம் இருப்பாள்? பெங்களூரில் ஒரு அறையில், மலையைப் பார்த்துக்கொண்டு, தனியாக. நீங்கள் படித்தவர், உங்களுக்கே தெரியும். தவிர அந்தத் தாளில் நீங்களும் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள்.

கேட்கிறதா, தண்டவாளம்? பயப்படாதீர்கள். வெளியே பாருங்கள், சும்மா தூறல்தான். அவள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்துவிட்டாள் என்று அர்த்தம். ஒரு துளி விழுந்தாலும் படித்திருப்பத்தில் நின்று அடிப்பாள், நான் போய்க் கையைப் பிடிக்கும்வரை நிறுத்தமாட்டாள். ராத்திரியிலும் உண்டு, பரீட்சை நாளிலும் உண்டு. யாரும் கோபித்துக்கொள்வதில்லை. கீழ் வீட்டுக்குப் புதிதாக வந்தவர்கள் ஒவ்வொரு தடவையும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மேலே வந்து, ஐந்து நிமிடம் நின்றுவிட்டு இறங்கிப்போவார்கள்.

நான் போக வேண்டும். என்னைப் பார்த்ததும் முதலில் ஒன்று கேட்பாள்: "நீஜாம்மா, நான் சரியாப் பாத்தேனா?" சரியாகப் பார்த்தாய் என்று நான் சொல்ல வேண்டும். சொன்னால் மணியடிக்கிற குச்சியைக் கீழே போடுவாள். அன்றைக்கும் அவள் சரியாகத்தான் பார்த்தாள், பத்து மணிக்கே. அதை மட்டும் நான் இன்னும் அவளிடம் சொல்லவில்லை. நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.

குழந்தை, தாங்கமாட்டாள்.